படுக்கையறைத் தொட்டி: ராத்திரியில் சத்தம் போடும் மீன், தவளை, நத்தை எவை?

தொட்டிப்பித்தன்:

வணக்கம் நண்பர்களே. கட்டில் தலைமாட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு தொட்டி வைக்கப் போகிறேன். அளவு 60×30×36 செ.மீ., கண்ணாடி மூடி, அடியில் கூழாங்கல், ஒரு ஹேங்-ஆன் ஃபில்டர் (தொட்டி விளிம்பில் தொங்கும் வடிகட்டி), கூடவே ஏர் பம்ப். இன்னும் தண்ணீர் விடவில்லை. அதனால் எதை வேண்டுமானாலும் மாற்றலாம்.

மனதில் இருக்கும் பட்டியல் இது: ஸ்பார்க்ளிங் கௌராமி 6, தலைகீழாக நீந்தும் சைனோடான்டிஸ் கெளுத்தி 3, ஆப்பிரிக்கக் குட்டைத் தவளை 4, பிரிஸில்நோஸ் ப்ளெகோ 1, ஆப்பிள் நத்தை 2.

அறையில் தூங்கும் இருவரில் ஒருவருக்குச் சின்னச் சத்தத்துக்கே முழிப்பு வந்துவிடும். எங்கே கேட்டாலும் ஃபில்டர் சத்தத்தைப் பற்றித்தான் சொல்கிறார்கள். மீனே சத்தம் போடுமா? போட்டால் எது, எந்த நேரத்தில், தூக்கம் கெடும் அளவுக்கா? பட்டியலில் எதை வெட்டலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நன்னீர்வாசி:

சத்தம் போடுபவையாகத் தேடிப் பிடித்துப் பட்டியல் போட்டது போல இருக்கிறது நண்பரே. ஐந்தில் மூன்று, குரல் கொடுப்பதற்கே பேர்போனவை. நான்காவதும் ஐந்தாவதும் குரலுக்குப் பேர்போனவை அல்ல, ஆனால் எதையாவது தட்டும்.

எவ்வளவு சத்தம் என்பதைவிட எந்த மாதிரிச் சத்தம் என்பதுதான் தூக்கத்துக்கு முக்கியம். ஃபில்டரின் ஒரே சீரான இரைச்சல் இரண்டு மூன்று நாளில் காதுக்குப் பழகிவிடும். எப்போது வரும் என்று தெரியாமல் வருகிற ‘டக்’கும் ‘கிர்ர்’ரும்தான் ஆளை எழுப்பும். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் படுக்கையறைக்கு இரண்டு அளவுகள் தனித்தனியாக உண்டு: தொடர்ந்து கேட்கும் சத்தத்துக்கு 30 டெசிபல், திடீரென்று எழுந்து அடங்கும் சத்தத்துக்கு 45. உயிரினங்கள் எழுப்புவது எல்லாமே இந்த இரண்டாவது ரகம். போதாக்குறைக்கு, நீங்கள் விளக்கை அணைக்கிற நேரத்தில்தான் இவற்றில் பல வேலையைத் தொடங்கும்.

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஸ்பார்க்ளிங் கௌராமி: 4 செ.மீ. மீன் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். இதுவும் இதன் பெரிய உறவான க்ரோக்கிங் கௌராமியும் (7 செ.மீ. வரை வளரும்) ட்ரைகாப்ஸிஸ் என்ற ஒரே பேரினம். இவற்றின் மார்புத் துடுப்பில் இரண்டு தசைநாண்கள் தடித்து நீண்டிருக்கும். துடுப்பைப் படபடவென்று அடிக்கும்போது அந்த நாண்கள் துடுப்புக் கதிர்களின் புடைப்பில் இழுபட்டு விடுபடும், வீணைத் தந்தியைச் சுண்டுவது மாதிரி. அந்தத் துடிப்புகள் சேர்ந்துதான் ‘க்ர்ர்-க்ர்ர்’ என்று கேட்கிறது. பெரும்பாலான மீன்களின் ஒலி 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடங்கிவிடும். இவற்றினுடையது 1 முதல் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. மனிதக் காது நன்றாகக் கேட்கும் பகுதி அது. அதனால்தான் அவ்வளவு சின்ன மீன் அறைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் கேட்கிறது.

ஆணும் பெண்ணும் இரண்டுமே ஒலி எழுப்பும், ஆகவே பெண்ணை மட்டும் வாங்கித் தப்பிக்க முடியாது. எல்லைச் சண்டையில் பக்கவாட்டில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே மாறி மாறிக் கத்தும். ஆறு மீனை 60 செ.மீ. நீளத்தில் விட்டால் எல்லைச் சண்டைக்குப் பஞ்சமே இருக்காது. அடர்ந்த செடி வைத்து ஒன்றின் பார்வையில் ஒன்று படாமல் செய்தால் குறையும், நிற்காது. கூடத்தில் வைத்தால் அருமையான மீன். படுக்கையறைக்கு வேண்டாம்.

கௌராமி உடம்பும் நீந்தும் அழகும்தான் வேண்டும் என்றால் தேன் கௌராமி வாங்குங்கள். அது வேறு பேரினம், இந்த நாண் அமைப்பு அதற்குக் கிடையாது. ஓர் ஆண், இரண்டு பெண் போதும்.

சைனோடான்டிஸ்: ஆங்கிலத்தில் இதற்கு ‘ஸ்க்வீக்கர்’ என்றே பெயர். மார்புத் துடுப்பின் முன்முள் அடிப்பகுதியில் வரிவரியாக மேடு இருக்கும். முள்ளை அதன் குழியில் அரைத்து ‘கீச்’ என்ற ஒலியை எழுப்பும். வலையில் பிடித்தால் கட்டாயம் கத்தும். தொட்டிக்குள் பெரும்பாலும் பொந்துக்கு அடித்துக்கொள்ளும்போது கத்தும், அதுவும் இருட்டில். கோடு போட்ட ராஃபேல் கெளுத்தியும் இதே கதைதான். அது முள்ளை உரசுவதோடு காற்றுப்பையைத் தசையால் அதிர வைத்து உறுமவும் செய்யும். 20 செ.மீ. தாண்டி வளரும் என்பதால் உங்கள் தொட்டிக்கு எப்படியும் ஒத்துவராது. சைனோடான்டிஸ் வைத்தே தீருவேன் என்றால் மீன் எண்ணிக்கையைவிட ஒரு பொந்து கூடுதலாக வையுங்கள். சண்டை பாதியாகும்.

தவளை: இதற்குத் தனியாக எழுதவேண்டும். இப்போதைக்கு, ஆண் மட்டும்தான் பாடும், இரவில்தான் பாடும் என்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிஸில்நோஸ்: பட்டியலில் இருக்கும் ஒரே சாது. 12 முதல் 15 செ.மீ. வளரும். இரவு முழுக்க மரத்தைச் சுரண்டும். அந்தச் சுரண்டல் தொட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும். ஆனால் மரத்துண்டு கண்ணாடியில் சாய்ந்திருந்தால், அல்லது களிமண் பொந்து கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒவ்வோர் அசைவும் ‘டொக்’ என்று வெளியே வரும். எல்லாவற்றையும் கண்ணாடியிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். தயவுசெய்து கடையில் இதன் பெயரைச் சொல்லி சாதாரண ப்ளெகோவை வாங்கி வந்துவிடாதீர்கள். அது 30 செ.மீ. தாண்டும், இரவில் வாலை ஒரு வீசு வீசினால் பொந்தும் கல்லும் இடம்பெயரும். மேலே வந்து காற்று குடித்துத் திரும்பும்போது மூடியில் தண்ணீர் தெறிக்கும்.

ஆப்பிள் நத்தை: ஏறும், பிறகு பிடியை விட்டுவிடும். உருண்டையான ஓடு கூழாங்கல்லில் விழுந்தால் ‘டக்’. மூச்சுக்குழாயை மேலே நீட்டிக் காற்று உறிஞ்சும் சத்தமும் அமைதியான அறையில் கேட்கும். அடியில் மணல் போட்டால் முதல் பிரச்சினை தீரும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீருக்குள் எழும் ஒலியின் ஆற்றலில் சுமார் 0.1 சதவீதம்தான் நீர்ப்பரப்பைத் தாண்டி நேராகக் காற்றுக்கு வரும். நமக்குக் கேட்பதில் பெரும்பகுதி கண்ணாடி, ஸ்டாண்டு, தரை வழியாக வருகிற அதிர்வு. அதனால் கண்ணாடியில் இடிப்பவை, கல்லை உருட்டுபவை, மூடியில் மோதுபவை மூன்றும் எப்போதும் சந்தேகப் பட்டியலில் இருக்கட்டும்.

பெரியமீன்_பிரியன்:

60 செ.மீ. தொட்டிக்கு இது தேவைப்படாது. ஆனால் தலைப்பைப் பார்த்துவிட்டு வேறு யாராவது வந்து படிப்பார்கள் என்பதால் போடுகிறேன்.

க்ளவுன் லோச் – தீனி நேரத்திலும் சண்டையிலும் ‘டிக் டிக்’ என்று சொடுக்கும். பக்கத்து அறைவரை கேட்கக்கூடிய சத்தம், கண்ணாடி விரிசல் விட்டுவிட்டதோ என்று பயப்படுபவர்கள் உண்டு. கூட்டமாகத்தான் வளர்க்க வேண்டும், 30 செ.மீ. வரை போகும், இருபது வருஷம் வாழும். போட்டியா என்ற மற்ற லோச் வகைகளும் சொடுக்கும்.

ஆஸ்கர், மண் தோண்டும் சிக்லிட் எல்லாம் – கல்லை வாயில் எடுத்துக் கண்ணாடி மேல் துப்பும். முட்டையிடும் சமயத்தில் இரவு பகல் பார்க்காது. கல்லை எடுத்துவிட்டு மணல் போடுவதைத் தவிர வேறு மருந்தில்லை.

கோல்ட்ஃபிஷ் – இதுவும் கல்லை மெல்லும், துப்பும். மேல்மட்டத்தில் வாயைச் ‘சப் சப்’ என்று அடிக்கும். கழிவு அதிகம் என்பதால் ஃபில்டரும் பெரிதாகத்தான் வேண்டும், அதன் இரைச்சல் தனி.

பாலா ஷார்க், சில்வர் டாலர் – சும்மா இருக்கும்போது சத்தமே இல்லை. நடு ராத்திரி யாராவது எழுந்து விளக்கைப் போட்டால் கூட்டமே மிரண்டு மூடியில் மோதும். மீனுக்கும் அடி, தூங்குபவருக்கும் நெஞ்சுப் படபடப்பு. அரோவானா தனியாகவே இதைச் செய்யும், மூடியில் கனம் வைக்காவிட்டால் வெளியே வந்துவிடும்.

ஆமை – ராத்திரி தூங்கிவிடும், அதில் குறையில்லை. விடிந்து வெளிச்சம் பட்டதும் ஓட்டால் கண்ணாடியை இடித்துக்கொண்டே நீந்த ஆரம்பிக்கும். வெயில் காயும் மேடையிலிருந்து ‘தொபுக்’ என்று விழும். தவிர, ஆமைத் தொட்டியில் தண்ணீர் பாதிதான் இருக்கும். ஃபில்டர் தண்ணீர் அவ்வளவு உயரத்திலிருந்து கொட்டுவதால் இரவெல்லாம் அருவிச் சத்தம். ஃபில்டர் வாயில் ஒரு குழாயை மாட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டால் அது நிற்கும்.

உப்புநீர்_கரை:

கடல்நீர்த் தொட்டிக்காரர்கள் சார்பில் ஒன்று. பிஸ்டல் இறாலைப் படுக்கையறைக்குள் விடாதீர்கள்.

பெரிய இடுக்கியை மூடும் வேகத்தில் நீர் பீய்ச்சப்பட்டு ஒரு குமிழி உண்டாகிறது. அந்தக் குமிழி நொறுங்குவதுதான் வெடிச்சத்தம். இடுக்கியின் இரண்டு பக்கமும் மோதிக்கொள்ளும் சத்தம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அதிவேகக் கேமராவில் பதிவு செய்த பிறகே குமிழிதான் காரணம் என்று உறுதியானது. கோபி மீனோடு ஒரே பொந்தில் குடியிருக்கும், பார்க்க அவ்வளவு அழகு. அந்தப் பொந்துக்குப் பக்கத்தில் ஏதாவது நண்டு போனால் ஒரு சொடுக்கு. நேரம் காலம் கிடையாது.

வாங்காமலே வந்துசேர்வதும் உண்டு. லைவ் ராக் (உயிரினங்கள் குடியிருக்கும் கடல் பாறைத் துண்டு) துளைக்குள் ஒளிந்து வரும். தொட்டியில் ‘டப்’ என்று கேட்டால் முதலில் கண்ணாடி மூலைகளையும் தரையையும் பார்த்துக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு நத்தைகளைப் பாருங்கள். ஓடு உடைந்து கிடந்தால், சின்ன மீன் காணாமல் போனால், உள்ளே இருப்பது மேண்டிஸ் இறாலாக இருக்க வாய்ப்பு அதிகம். எதுவும் குறையாமல் சத்தம் மட்டும் வந்தால் பிஸ்டல்.

பிடிக்கும் வழி: விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச்சில் எந்தக் கல்லிலிருந்து சத்தம் வருகிறது என்று பாருங்கள். அந்தக் கல்லை மட்டும் தூக்கி ஒரு பக்கெட்டுக்கு மேல் பிடித்து, துளைக்குள் ஊசியில்லாத சிரிஞ்சால் சோடா தண்ணீரைச் செலுத்துங்கள். வெளியே வந்து விழும். சோடா சொட்டு தொட்டிக்குள் போகக்கூடாது. கல்லைத் தொட்டி நீரில் அலசிவிட்டுத் திரும்ப வையுங்கள். மேண்டிஸ் என்று சந்தேகம் இருந்தால் வெறுங்கையை விடவேண்டாம், விரல் கிழியும்.

ஹெர்மிட் நண்டும் ட்ரிக்கர் மீனும்கூட வேண்டாம். முதலாவது ஓட்டைக் கல்லில் உரசிக்கொண்டே ஏறி இறங்கும், இரண்டாவது உறுமும், கல்லையும் புரட்டும்.

பம்புக்காரர்:

எல்லாரும் மீனைத் திட்டியாச்சு. நான் கொஞ்சம் மீன் பக்கம் பேசறேன். சத்தம்னு வர்ற புகார்ல முக்கால்வாசி கடைசியில சாமான்லதான் போய் நிக்கும். பித்தன் சார், நீங்க சொன்ன அமைப்புல நாலு இடம் சத்தம் போடும்.

ஒண்ணு, ஹேங்-ஆன் ஃபில்டர். தண்ணி விழுற உதடும் நீர்மட்டமும் ஒட்டி இருக்கிற வரைக்கும் சத்தமே வராது. ஆவியாகி மட்டம் இறங்கினா சலசலன்னு கொட்டும். உங்க தொட்டி பரப்பு 60×30, அதாவது ஒரு செ.மீ. இறங்கினா 1.8 லிட்டர் போயிருக்குன்னு அர்த்தம். ரெண்டு செ.மீ. இறங்கறதுக்கு முன்னாடி, குளோரின் போக்கின தண்ணிய ஊத்தி நிரப்பிடுங்க. கடகடன்னு கேட்டா அது தண்ணி இல்ல, இம்பெல்லர், அதாவது உள்ள சுத்தித் தண்ணிய தள்ளுற காந்தச் சக்கரம். கழட்டி, காந்தம் உட்கார்ற குழியை பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க. மணல் ஒரு துகள் இருந்தாலும் அரைக்கும். செராமிக் தண்டோட ரெண்டு முனையிலயும் சின்ன ரப்பர் புஷ் இருக்கும், கழுவும்போது அது சாக்கடையில போயிடும், கவனிக்கவே மாட்டோம். அப்புறம் எவ்வளவு கழுவினாலும் கடகடப்பு போகாது. தண்டுல கீறல் இருந்தா இம்பெல்லரையே மாத்தணும்.

ரெண்டு, ஏர் பம்ப். சுவர்ல ஆணி அடிச்சுத் தொங்கவிடாதீங்க, சுவர் முழுக்க அதிரும். மேஜை மேலயும் வெறுமனே வைக்காதீங்க. 2 செ.மீ. மெத்து ஸ்பாஞ்சு மேல வைங்க, பம்ப் எதையும் தொடக்கூடாது, ட்யூபும் இறுக்கமா இழுத்துக்கிட்டு இருக்கக்கூடாது. நீர்மட்டத்துக்குக் கீழ வைக்கறதா இருந்தா செக் வால்வு கட்டாயம், கரண்ட் போனா தண்ணி பம்புக்குள்ள இறங்கிடும். காத்து அதிகமா இருக்குன்னு ட்யூபை வால்வு வச்சு நெரிக்கிறாங்க பாருங்க, அதுதான் பெரிய தப்பு. உள்ள இருக்கிற ரப்பர் டயாஃப்ரம் எதிர் அழுத்தத்துல சூடாகி விறைச்சுப் போகும், இன்னும் அதிகமா இரையும். டி-ஜாயின்ட் போட்டு, வேண்டாத காத்தை இன்னொரு வால்வு வழியா வெளிய விடுங்க.

மூணு, மூடி. ரெண்டு கண்ணாடி விளிம்பு ஒண்ணோட ஒண்ணு தொட்டா நடுங்கும். பழைய ஏர் ட்யூபை நீளவாக்குல பிளந்து மூடி விளிம்புல மாட்டுங்க, அடங்கிடும்.

நாலு, தொட்டி உட்கார்ற இடம். தண்ணி, கல்லு, கண்ணாடி எல்லாம் சேர்த்து 80 கிலோ பக்கம் வரும். தட்டையான அடிப்பாகம்னா 5 முதல் 10 மி.மீ. ஈ.வி.ஏ. நுரை ஷீட் போடுங்க. அடியில பிளாஸ்டிக் சட்டம் வச்ச தொட்டின்னா கண்ணாடி தரையில படாது, சட்டத்து மேலதான் நிக்கும். அதுக்கு ஷீட் போட்டா ஷீட் மேலே தூக்கிக் கண்ணாடியை அழுத்தும், விரிசல் விடறதுக்கு வாய்ப்பு இருக்கு. அந்த மாதிரி தொட்டிக்கு ஸ்டாண்டு கால்ல மட்டும் ரப்பர் வைங்க. சுவர்லேர்ந்து 3 முதல் 5 செ.மீ. இடைவெளி விடுங்க.

என்னைக் கேட்டா ஹேங்-ஆனை விட்டுட்டு, மணிக்கு 250 முதல் 300 லிட்டர் தள்ளுற சின்ன கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளிய வைக்கிற மூடின பெட்டி ஃபில்டர்) போடலாம். படுக்கையறைக்கு அதுதான் சரி. அதுல குடகுடன்னு கேட்டா உள்ள காத்து மாட்டியிருக்கு. ஓடும்போதே மெதுவா ரெண்டு பக்கமும் சாய்ச்சு ஆட்டினா வெளியேறிடும். திரும்பத் திரும்ப வந்தா உறிஞ்சற குழாய் ஜாயின்ட்ல ஓ-ரிங் காஞ்சிருக்கும். சிலிக்கான் கிரீஸ் தடவுங்க. வாசலைன் வேண்டாம், ரப்பர் ஊதிடும்.

தொட்டிப்பித்தன்:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. கௌராமியும் சைனோடான்டிஸும் வெட்டியாயிற்று. மூன்று சந்தேகம். தவளையில் பெண்ணை மட்டும் வைத்தால் சத்தம் வராதா? ஆணையும் பெண்ணையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இதெல்லாம் போக, இரவு மட்டும் பம்பையும் ஃபில்டரையும் அணைத்துவிட்டால் என்ன?

நன்னீர்வாசி:

தவளை விஷயம். குட்டைத் தவளையில் (ஹைமினோகைரஸ்) கூப்பிடுவது ஆண் மட்டும்தான். தண்ணீருக்கு அடியிலிருந்தே, தொண்டைப்பை உப்பாமல், ‘ஊம்ம்ம்’ என்று ரீங்காரம் போல நீண்டு கேட்கும். பெரிய சத்தமில்லை, ஆனால் விட்டு விட்டு இரவு முழுக்க வரும். தூரத்தில் ஏதோ மெஷின் ஓடுகிறது என்று ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வளர்ந்த ஆணுக்கு முன்காலின் அக்குளுக்குப் பின்னால் வெளிறிய சின்னப் புள்ளி போல ஒரு சுரப்பி புடைத்திருக்கும். பெண் பெரியது, வயிறு பேரிக்காய் வடிவம், பின்கால்கள் சேருமிடத்தில் வால் மொட்டு சற்றே துருத்தியிருக்கும். கடையில் கிடைக்கும் குஞ்சுகளில் இந்த அடையாளம் எதுவும் தெரியாது என்பதுதான் சிக்கல். வளர்ந்ததாகப் பார்த்து எடுத்தால் மட்டுமே ‘பெண் மட்டும்’ திட்டம் பலிக்கும்.

வாங்கும்போது முன்பாதத்தையும் பாருங்கள். நான்கு பாதங்களிலும் விரலிடைச் சவ்வு இருந்தால் குட்டைத் தவளை, 4 செ.மீ.யோடு நின்றுவிடும். முன்விரல்கள் சவ்வில்லாமல் தனித்தனியாக இருந்தால் அது நகத் தவளை, ஸெனோபஸ். 10 செ.மீ. தாண்டும், வாயில் நுழையும் மீனையெல்லாம் விழுங்கும், அதன் ஆண் இரவில் ‘டிரிக்-டிரிக்’ என்று சொடுக்குகளை அடுக்கிக்கொண்டே போகும். அதில் பெண்ணும் ஒலி எழுப்பக்கூடியது, ஆகவே அங்கே பெண்ணைத் தேர்ந்தெடுப்பதும் உதவாது. நெருப்பு வயிற்றுத் தேரையும் சிலர் இந்த வகையில் கேட்பார்கள். அதன் குரல் மென்மைதான், ஆனால் ‘ஊ… ஊ…’ என்று பகலிலும் இரவிலும் உண்டு.

சத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், 36 செ.மீ. உயரமும் ஹேங்-ஆன் ஃபில்டரின் நீரோட்டமும் குட்டைத் தவளைக்குச் சரிப்படாது. ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே நீந்தி வரவேண்டிய பிராணி அது. மீன்களோடு சேர்த்து விட்டால் தீனியும் எட்டாது. ஆழம் குறைந்த, ஏர் பம்பில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும் ஓடும் தனித்தொட்டிதான் அதற்கு அழகு. இந்தத் தொட்டியில் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

பம்புக்காரர்:

ராத்திரி அணைக்கிறது: வேண்டாம் சார். ஃபில்டர் ஊடகத்துல இருக்கிற பாக்டீரியாதான் அமோனியாவை உடைக்குது. அதுக்கு ஓடுற தண்ணி கொண்டுவர்ற ஆக்ஸிஜன் வேணும். கேனிஸ்டர் மாதிரி மூடின பெட்டியில ஓட்டம் நின்னா உள்ள இருக்கிற ஆக்ஸிஜன் சில மணி நேரத்துல தீர்ந்துடும். பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். காலையில ஆன் பண்ணும்போது அந்த அழுகின தண்ணி மொத்தமும் தொட்டிக்குள்ள வரும். முட்டை அழுகின நாத்தம் வந்தா ஆன் பண்ணாம, கழுவிட்டுத்தான் ஓட்டணும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் திறந்த தண்ணியில இருக்கிறதால கொஞ்சம் தாங்கும், ஆனா தினமும் எட்டு மணி நேரம் நிறுத்தறது அதுக்கும் நல்லதில்ல.

இன்னொண்ணு, செடி இருக்கேன்னு நம்பாதீங்க. வெளிச்சம் இல்லாதப்போ செடியும் ஆக்ஸிஜனைத்தான் எடுக்கும். விடியற்காலையிலதான் தண்ணியில ஆக்ஸிஜன் ரொம்பக் கம்மி. அந்த நேரத்துல மீன் மேல வந்து வாயைத் திறந்து மூடினா காத்து பத்தலைன்னு அர்த்தம்.

நிறுத்தலாம்னா ஒண்ணே ஒண்ணு: கேனிஸ்டர் ஓடிக்கிட்டே இருக்கு, நீர்ப்பரப்பு நல்லா அலையடிக்குது, ஏர் பம்ப் அலங்காரத்துக்கு ஒரு ஏர் ஸ்டோனை (காத்தைப் பொடிக் குமிழியாக்குற கல்லு) மட்டும் ஓட்டுதுன்னா, அந்த பம்பை அணைக்கலாம். சொல்லப்போனா வாங்கவே வேண்டாம்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் வைக்கிறீங்கன்னா, ‘குபுக் குபுக்’ சத்தத்துக்குக் காரணம் பெரிய குமிழி. மேலேறும் குழாய்க்குள்ள ஒரு சின்ன ஏர் ஸ்டோனை இறக்கிடுங்க, குமிழி பொடியாகும், சத்தம் வெறும் ‘ஸ்ஸ்’னு மாறும். குழாயோட வாய் நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழயே இருக்கட்டும்.

தொட்டிப்பித்தன்:

சரி, திருத்திய பட்டியல். எம்பர் டெட்ரா 12, தேன் கௌராமி 3, கூலி லோச் 6, பிரிஸில்நோஸ் 1, செர்ரி இறால் 10, நெரைட் நத்தை 2. கூழாங்கல்லுக்குப் பதில் மணல். ஹேங்-ஆனுக்குப் பதில் கேனிஸ்டர், ஏர் பம்ப் இல்லை. இரவு பத்தரைக்குத் தூங்குவோம். இதில் ஏதாவது இடிக்குமா?

நன்னீர்வாசி:

பட்டியல் அமைதியானதுதான். சில குறிப்புகள்.

இறால் குஞ்சுகளைக் கௌராமி தின்னும். அடர்ந்த பாசி ஒரு கைப்பிடி இருந்தால் சில பிழைக்கும். கூலி லோச் லோச் இனம் என்றாலும் க்ளவுன் லோச் மாதிரி சொடுக்காது. ஆனால் மெலிந்த உடம்பு, எந்த ஓட்டைக்குள்ளும் நுழையும். கேனிஸ்டர் உறிஞ்சும் குழாய் வாயில் ஸ்பாஞ்ச் உறை மாட்டுங்கள். மணல் இம்பெல்லருக்குப் போகாமலிருக்கவும் அதுவே போதும், குழாய் வாயை மணலிலிருந்து 5 முதல் 7 செ.மீ. உயர்த்தியே வையுங்கள். மூடியில் வயர் போகும் இடைவெளியை அடையுங்கள். லோச்சும் ஏறும், நெரைட்டும் ஏறும். நள்ளிரவில் தரையில் ‘டக்’ என்று கேட்டால் அது பெரும்பாலும் நெரைட்டாக இருக்கும்.

விளக்குக்கு டைமர் போட்டுப் பகல் ஒரு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை வையுங்கள். கடைசித் தீனி எட்டு மணிக்கு. லோச்சுக்கும் ப்ளெகோவுக்கும் மூழ்கும் வில்லையை ஒன்பதுக்கு விளக்கு அணைந்ததும் போடுங்கள். இருட்டியதும் வருகிற தள்ளுமுள்ளு நீங்கள் படுப்பதற்குள் முடிந்துவிடும். அதன் பிறகு அறை விளக்கைச் சட்டென்று போடுவதைத் தவிர்க்கவும்.

பம்புக்காரர்:

மீன் விடறதுக்கு முன்னாடி ஃபில்டர் பழகறதுக்கு, அதாவது அதுல பாக்டீரியா வளர்றதுக்கு, எப்படியும் நாலஞ்சு வாரம் வெறும் தண்ணிதான் ஓடப்போகுது. சத்தம் கண்டுபிடிக்க அதைவிட நல்ல சமயம் கிடையாது, ஏன்னா அப்போ கேட்கிறது எல்லாமே சாமான் சத்தம்தான். ராத்திரி ஃபேனை நிறுத்திட்டு, மூடி, கேனிஸ்டர் தலை, குழாய் வளைவு, ஸ்டாண்டு கதவு, ஹீட்டர் வயர்னு ஒவ்வொண்ணா உள்ளங்கையால அழுத்திப் பாருங்க. எதை அழுத்தினா சத்தம் நிக்குதோ, அங்க ஒரு துண்டு ரப்பர் வைங்க. ஹீட்டர் ‘டிக்’னு அப்பப்ப சொடுக்கினா அது தெர்மோஸ்டாட், சகஜம். படபடன்னு தொடர்ந்து சொடுக்கினா கான்டாக்ட் தேஞ்சிருக்கு, அதை மட்டும் உடனே மாத்திடுங்க. ஒட்டிக்கிட்டா தண்ணி கொதிச்சுடும்.